ஓடிய தூரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: கால்பந்துக் கிளப்புகளில் உடல்திறன் தரவு அறிவியலாளரின் வேலை

கத்தார் உலகக் கோப்பையில் 2022 டிசம்பர் 2 அன்று, போர்ச்சுகலுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் அடித்துத் தென் கொரியாவை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசென்ற ஹ்வாங் ஹீ-சான், மகிழ்ச்சியில் மேற்சட்டையைக் கழற்றினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். ஆட்டத்தைப் பார்த்த பலர், அவர் மார்பில் இருந்த கறுப்பு நிறக் குட்டை உள்சட்டை என்னவென்று குழம்பினார்கள். அதன் முதுகுப்புறத்தில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, ஒரு சிறு கருவியை வைப்பதற்கான பை இருக்கிறது என்ற விளக்கம் விரைவில் கிடைத்தது. அந்தக் கருவி தரும் எண்களை யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் விளக்கப்படாமலே போயிற்று.

படிப்பவர் உடல்திறன் தரவு அறிவியலாளர். பாஸ்களையும் கோல் வாய்ப்புகளையும் எண்ணி எதிரணியின் ஆட்டமுறையை ஆராயும் பகுப்பாய்வாளர் வேறு, இவர் வேறு. வீரரின் உடல் எவ்வளவு உழைத்தது, அந்த உழைப்பை அது எப்படித் தாங்குகிறது, நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பவையே இவர் கையாளும் கேள்விகள். காயம் எப்போது வரும் என்று கணினி முன்கூட்டியே சொல்லிவிடும், இவர் அதைப் பயிற்சியாளருக்கு வாசித்துக் காட்டுவார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த வேலையின் பெரும்பகுதி உண்மையில், கையில் உள்ள எண்களில் எது நிஜமான மாற்றம், எது வெறும் அளவீட்டுச் சலனம் என்று பிரிப்பதுதான்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

நான்கு ஊற்றுகள் உண்டு. ஒவ்வொன்றின் நம்பகத்தன்மையும் வேறு.

1. உடலில் அணியும் கருவி. செயற்கைக்கோள் வழியாக இடத்தையும் வேகத்தையும் பெரும்பாலும் வினாடிக்கு 10 முறை பதிவு செய்யும்; உள்ளிருக்கும் முடுக்கமானி, உடல் அதிர்வுகளை வினாடிக்கு 100 முறை அளவில் பதிவு செய்யும். ஆஸ்திரேலியாவின் கேட்டபல்ட், வட அயர்லாந்தின் ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் ஆகியவை இத்துறையின் பெரிய நிறுவனங்கள். அதிகாரப்பூர்வ ஆட்டங்களிலும் இவற்றை அணியலாம் என்று கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பு 2015-இல் அனுமதித்தது.

2. மைதானத்தைச் சுற்றிப் பொருத்தப்படும் கேமராக்கள். பொதுவாக வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்திலும் 22 வீரர்களின் இருப்பிடம். 90 நிமிடத்துக்கு 1,35,000 படங்கள், ஏறத்தாழ 30 லட்சம் இருப்பிடப் பதிவுகள்.

3. வீரரின் வாய்மொழி. பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கேட்பார்கள். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. 75 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால் 450. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த முறை, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது: ஒரே ஓட்டம் இருவருக்கு ஒரே சுமை ஆவதில்லை.

4. சோதனைகள். கால்கள் தரையில் செலுத்தும் விசையை அளக்கும் தட்டின் மேல் நின்று எகிறிக் குதித்தல், தொடைப் பின்தசையின் வலிமையை அளத்தல் போன்றவை. இவை வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ நடக்கும்.

இந்த நான்கையும் ஒரே அட்டவணையில், ஒரே வீரரின் பெயருக்கு நேராக, சரியான தேதியில் கொண்டுவந்து சேர்ப்பதற்கே நாளின் கணிசமான நேரம் போய்விடும். வேலை விளம்பரங்களில் பைதான், ஆர், எஸ்.கியூ.எல். ஆகிய கணினி மொழிகள் தவறாமல் இடம்பெறுவதற்கு இதுவே முதற்காரணம்.

11 கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது

ஒரு முழு ஆட்டத்தில் கோல்கீப்பர் தவிர்த்த வீரர் சுமார் 10 முதல் 13 கி.மீ. வரை கடக்கிறார். தொலைக்காட்சித் திரையில் பெருமையாகக் காட்டப்படும் இந்த எண், துறைக்குள் இருப்பவர்கள் மிகக் குறைவாகப் பொருட்படுத்தும் எண்களில் ஒன்று. அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். தசையைச் சோர்வுறச் செய்பவை வேறு: மணிக்கு 19.8 கி.மீ.க்கு மேற்பட்ட அதிவேக ஓட்டம், 25.2 கி.மீ.க்கு மேற்பட்ட ஸ்பிரின்ட், திடீரென வேகமெடுத்தல், அதைவிட முக்கியமாகத் திடீரென நிறுத்துதல்.

19.8, 25.2 என்ற விசித்திரமான எல்லைகளுக்கு உடலியலில் புனிதமான காரணம் எதுவும் கிடையாது. வினாடிக்கு 5.5 மீட்டர், 7 மீட்டர் என்ற எண்களை மணிக்கு மாற்றினால் இவை வருகின்றன. உச்ச வேகம் 36 கி.மீ. உள்ள விங்கருக்கும் (பக்கவாட்டில் தாக்கி ஆடுபவர்) 30 கி.மீ. உள்ள மைய நடுகள வீரருக்கும் 25.2 என்பது ஒரே முயற்சி ஆகாது. முதலாமவருக்கு 70 விழுக்காடு, இரண்டாமவருக்கு 84 விழுக்காடு. எனவே பல கிளப்புகள் பொது எல்லையோடு, அவரவர் உச்ச வேகத்தின் விழுக்காட்டையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன.

அளவுகோலே ஆடும்போது

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டு அறிவியலாளர் மார்ட்டின் புஷைட்டும் அவரது குழுவினரும் 50 ஜிபிஎஸ் கருவிகளை ஒரே சறுக்குப் பலகையில் பொருத்தி, ஓர் ஓட்டக்காரர் அதை இழுத்துக்கொண்டு ஓடும்படி செய்தார்கள். 50 கருவிகளும் ஒரே பயணத்தைத்தான் செய்தன. தூரத்தில் அவை ஓரளவு ஒத்துப்போயின. முடுக்கங்களை எண்ணியதிலோ கருவிக்குக் கருவி பெரும் வேறுபாடு இருந்தது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு எண்கள் மறுபடி மாறின.

இதன் நடைமுறை விளைவுகள் சில:

1. ஒரு வீரருக்கு ஆண்டு முழுவதும் ஒரே கருவிதான் தரப்பட வேண்டும். காலையில் உடைமாற்றும் அறையில் இரண்டு பேர் உள்சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டால் இருவரின் வரலாறும் கெடும்.

2. கருவி நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்த தேதி, தரவுத்தளத்தில் குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அக்டோபரில் எல்லோருடைய முடுக்கமும் ஒரே வாரத்தில் குறைந்ததைப் பார்த்து, பயிற்சியாளர் ஏதோ மாற்றிவிட்டார் என்று தவறாக முடிவு கட்ட நேரிடும்.

3. நம்ப முடியாத எண்களை முதலில் வடிகட்ட வேண்டும். பிரீமியர் லீகில் டோட்டன்ஹாம் தடுப்பாளர் மிக்கி வான் டெ வென் 2024 ஜனவரியில் எட்டிய மணிக்கு 37.38 கி.மீ. வேகம் பெரும் செய்தியானது. உசேன் போல்ட்டின் உச்ச வேகமே 44.7 கி.மீ. அளவுதான். பயிற்சி அறிக்கையில் ஒருவருக்கு 46 என்று வந்தால், புதிய சாதனையைக் கொண்டாடுவதற்கு முன் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பார்க்க வேண்டும். உயரமான கூரையுள்ள மைதானங்களில் சமிக்ஞை பலவீனமாகும். கருவியை அணைக்க மறந்து காரில் ஏறிய வீரர்களும் உண்டு.

கருவி சரியாக இருந்தாலும் ஆட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதிவேக ஓட்டத்தின் அளவு, ஒரே வீரருக்கே ஆட்டத்துக்கு ஆட்டம் சுமார் 15 முதல் 20 விழுக்காடு வரை இயல்பாக ஏறி இறங்கும். ஸ்பிரின்ட் தூரத்தில் இது ஏறத்தாழ 30 விழுக்காடு. சராசரியாக 900 மீட்டர் அதிவேகமாக ஓடும் ஒருவர் ஒரு சனிக்கிழமை 760 மீட்டர் ஓடினால், அவர் சோர்ந்துவிட்டார் என்று சொல்ல அந்த ஓர் எண் போதாது. எதிரணி பின்வாங்கி நின்றிருக்கலாம். தம் அணி 20-ஆவது நிமிடத்திலேயே இரண்டு கோல் முன்னிலை பெற்றிருக்கலாம். இந்த இடத்தில்தான் புள்ளியியல் நுழைகிறது. ஒவ்வொரு வீரருக்கும் தனிச் சராசரி, தடுப்பாளர், நடுகள வீரர் போன்ற ஒவ்வோர் ஆட்டநிலைக்கும் ஒரு பொதுச் சராசரி, இரண்டையும் சேர்த்து எடைபோடும் பல அடுக்குக் கணித மாதிரிகள் ஆகியவை இத்துறையில் அன்றாடக் கருவிகள். மூன்றே ஆட்டங்கள் ஆடிய புதிய வீரரைப் பற்றிய மதிப்பீட்டை, அவரது நிலையில் ஆடும் மற்றவர்களின் சராசரியை நோக்கி இம்மாதிரி இழுத்து வைக்கும். ஆட்டங்கள் கூடக் கூட அந்த இழுப்பு தளரும்.

வாரத்தின் ஓட்டம்

கிளப்புகள் நாள்களை அடுத்த ஆட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகின்றன. சனிக்கிழமை ஆட்டம் என்றால் செவ்வாய் ‘எம்.டி. மைனஸ் 4’ (எம்.டி. என்பது ‘மேட்ச் டே’, ஆட்ட நாள்), வெள்ளி ‘எம்.டி. மைனஸ் 1’. வார நடுவில் கடினமான பயிற்சி, ஆட்டத்தை நெருங்கும்போது தணிவு என்பது பொது வடிவம். காலையில் வீரர்கள் உறக்கம், தசைவலி, சோர்வு பற்றிய சிறு வினாப்பட்டியலை நிரப்புவார்கள். பயிற்சிக்கு முன் மருத்துவர், பிசியோ, உடற்பயிற்சியாளர் கூடும் சந்திப்பில் தரவு அறிவியலாளருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் 25 வீரர்களைப் பற்றி 40 வரைபடங்களைக் காட்டுபவர் அடுத்த வாரம் அழைக்கப்பட மாட்டார். “இன்று இருவரைப் பற்றிப் பேச வேண்டும், மற்றவர்கள் வழக்கம்போல்” என்பதே பயனுள்ள அறிக்கை.

சற்றும் கவனிக்கப்படாத சிக்கல் ஒன்று மாற்று வீரர்களுடையது. ஆடுபவர்களுக்கு ஆட்டமே வாரத்தின் பெரிய சுமை. பெஞ்சில் இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. நான்கு வாரம் இப்படிப் போனால், திடீரென முழு ஆட்டம் ஆடும் நாளில் அவர் உடல் அதற்குத் தயாராக இராது. இறுதி விசில் ஊதி ரசிகர்கள் கலைந்துகொண்டிருக்கும்போது, மாற்று வீரர்கள் மைதானத்தில் குறுக்கும் நெடுக்கும் வேகமாக ஓடுவதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். எத்தனை மீட்டர், எந்த வேகத்தில் என்ற கணக்கு தரவு அறிவியலாளரின் மேசையிலிருந்து போவது.

தேசிய அணிகளுக்காக வீரர்கள் பிரிந்து செல்லும் இடைவெளிகள் இன்னொரு தலைவலி. பத்து நாள் கழித்துத் திரும்பும் வீரரின் தரவு வேறு நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும், அல்லது வராமலே போகும். அந்தக் காலிக் கட்டங்களைச் சுழியம் என்று நிரப்பினால் வீரர் பத்து நாள் படுத்துக் கிடந்ததாகக் கணினி நம்பும்.

ஒரு புகழ்பெற்ற விகிதத்தின் எழுச்சியும் சரிவும்

கடந்த பத்தாண்டுகளில் இத்துறையில் மிகுதியாகப் பேசப்பட்டது, அண்மைச் சுமைக்கும் நீண்டகாலச் சுமைக்கும் உள்ள விகிதம். கடைசி ஒரு வாரச் சுமையைக் கடைசி நான்கு வாரங்களின் சராசரியால் வகுப்பது அதன் வழக்கமான வடிவம். அதன் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று கால்பந்தைச் சேர்ந்ததே அன்று. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி 2014-இல் வந்தது. 2016-இல் விளையாட்டு அறிவியலாளர் டிம் கேபெட் இதை விரித்தெழுதியபோது, 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பான பகுதி என்றும் 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்றும் ஒரு வரைபடம் பரவியது. கிளப்புகளின் கணினித் திரைகள் பச்சையும் சிவப்புமாக மாறின.

பிறகு வந்த விமர்சனங்களைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். ஒரு வீரர் மூன்று வாரம் 16 கி.மீ. வீதம் ஓடி, நான்காம் வாரம் 24 கி.மீ. ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. வழக்கமான முறையில் நான்கு வாரச் சராசரி 18; விகிதம் 24 ÷ 18 = 1.33.

2. கடைசி வாரத்தை ஒதுக்கிவிட்டு முந்தைய மூன்று வாரங்களோடு மட்டும் ஒப்பிட்டால் 24 ÷ 16 = 1.5.

ஒரே ஓட்டத்துக்கு இரண்டு தீர்ப்புகள். முதல் முறையில் கடைசி வாரம் வகுக்கும் எண்ணுக்குள்ளும் ஒளிந்திருப்பதால், விகிதம் எந்நாளும் 4-ஐத் தாண்டவே முடியாது. ஃபிராங்கோ இம்பெல்லிசேரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நீண்டகாலச் சுமைக்குப் பதிலாகத் தொடர்பற்ற எண்களை வைத்தாலும் காயத்தோடு அதே போன்ற தொடர்பு தென்படுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் வகுத்தலால் புதிதாகத் தெரியவந்தது எதுவுமில்லை. நார்வேயில் 482 இளம் கால்பந்து வீரர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான சோதனையில், இந்த விகிதத்தைப் பின்பற்றிச் சுமையைத் திட்டமிட்ட அணிகளுக்கும் வழக்கம்போல் பயிற்சி செய்த அணிகளுக்கும் உடல்நலச் சிக்கல்களில் வேறுபாடு தென்படவில்லை. சுமையைத் திடீரென உயர்த்தக் கூடாது என்ற அனுபவ அறிவு இதனால் பொய்யாகிவிடவில்லை. தசம எண்ணில் ஒரு கோடு கிழித்து அந்தக் கோட்டை நம்பியதுதான் பிழை.

காயத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவுக்காக ஜான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் 2001 முதல் நடந்துவரும் ஆய்வின்படி, 25 பேர் கொண்ட உயர்மட்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 15 தசைக் காயங்கள் நேர்கின்றன. ஆண்டுக்கு 250 நாள் பயிற்சியும் ஆட்டமும் என்று கொண்டால், 25 பேருக்கு மொத்தம் 6,250 வீரர்-நாள்கள். அவற்றில் காயம் நேரும் நாள்கள் 15.

இப்போது மிகச் சிறந்த ஒரு மாதிரியைக் கற்பனை செய்வோம். காயங்களில் 80 விழுக்காட்டை அது பிடிக்கும். காயமில்லாத நாள்களில் 10 விழுக்காட்டில் மட்டும் தவறாக எச்சரிக்கும்.

1. உண்மையான 15 காயங்களில் 12-ஐ அது பிடிக்கும்.

2. மீதமுள்ள 6,235 நாள்களில் சுமார் 623 தவறான எச்சரிக்கைகள் வரும்.

3. மொத்தம் 635 எச்சரிக்கைகளில் சரியானவை 12. அதாவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

நாள்தோறும் சராசரியாக இரண்டு மூன்று பேருக்குச் சிவப்பு விளக்கு எரியும். அவர்களையெல்லாம் உட்கார வைத்தால் அணியின் பயிற்சியில் பத்தில் ஒரு பங்கு கரையும். பயிற்சி குறைந்த உடலே அடுத்த காயத்துக்கு வழிவிடும். இதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. எச்சரிக்கையை ஏற்று ஒருவருக்கு ஓய்வு தந்து, அவருக்குக் காயம் வராமல் போனால், எச்சரிக்கை சரியாக இருந்ததா, தேவையற்றதா என்று கண்டறிய வழியில்லை. இத்தாலியக் கிளப் ஒன்றின் 26 வீரர்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு, சுமார் 80 விழுக்காடு காயங்களைப் பிடித்ததாகவும் எச்சரிக்கைகளில் ஏறத்தாழ பாதி சரியானவை என்றும் கூறியது. ஊக்கமளிக்கும் முடிவுதான். ஆனால் ஒரு கிளப், ஒரு சீசன், விரல்விட்டு எண்ணத்தக்க காயங்கள் என்ற அடித்தளத்தில் எழுந்த மாதிரியை, வேறு பயிற்சியாளர் வேறு கருவியோடு இயங்கும் இன்னொரு கிளப்புக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. காயக் கணிப்பு மென்பொருள்களை விற்பவர்களிடம் கிளப்புகள் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பொருளின் தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை.

தரவு நன்றாகப் பயன்படும் இடம் காயத்துக்குப் பிந்தைய காலம். தொடைப் பின்தசைக் காயங்கள் யூஃபா ஆய்வில் 2001-02-இல் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்து, 2021-22-இல் 24 விழுக்காடாகியிருக்கின்றன. அக்காயத்திலிருந்து மீளும் வீரருக்கு எட்ட வேண்டிய இலக்கு தெளிவாகத் தெரியும்: காயத்துக்கு முந்தைய அவரது உச்ச வேகம், ஆட்டத்தில் அவர் வழக்கமாக ஓடும் அதிவேக தூரம், மிகக் கடுமையான ஒரு நிமிடத்தில் அவர் கடக்கும் மீட்டர்கள். சராசரியாக நிமிடத்துக்கு 110 மீட்டர் அளவில் நகரும் வீரர், அந்தக் கடும் நிமிடத்தில் 180-ஐத் தாண்டுவதுண்டு. சராசரிக்குத் தயார் செய்து அனுப்பப்படும் வீரர் அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். எனவே மீட்புப் பயிற்சி, படிப்படியாக அந்த உச்சத்தைத் தொட்ட பிறகே முடிந்ததாகக் கொள்ளப்படும்.

அதிகம் ஓடினால் நல்ல அணியா

இங்கிலாந்தின் முதல் மூன்று அடுக்குகளை ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வில், பிரீமியர் லீக் வீரர்களைவிடக் கீழ் அடுக்குகளில் ஆடியவர்கள்தாம் அதிவேகமாகக் கூடுதல் தூரம் ஓடியிருந்தார்கள். பந்தை வைத்துக்கொள்ளத் தெரியாத அணி அதைத் துரத்தி ஓட வேண்டியிருக்கும். மறுபுறம், பிரீமியர் லீகுக்குள்ளேயே 2006-07 முதல் 2012-13 வரையிலான காலத்தில் மொத்த தூரம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்க, அதிவேக ஓட்டத்தின் தூரம் சுமார் 30 விழுக்காடும் ஸ்பிரின்ட் தூரம் 35 விழுக்காடும் உயர்ந்தன. தோல்விக்குப் பிறகு “அவர்களைவிட 4 கி.மீ. குறைவாக ஓடினோம்” என்று சொல்லப்படும் விளக்கங்களை இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அட்டவணைச் சண்டையும் தரவின் உரிமையும்

ஆட்டங்கள் அளவுக்கு மீறிவிட்டன என்ற விவாதத்தில் இந்த எண்கள் இப்போது வழக்குச் சான்றாகவும் நுழைகின்றன. சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் 36 அணிகளுக்கு விரிந்தது. 2025 கோடையில் 32 அணிகளின் கிளப் உலகக் கோப்பை நடந்தது. மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, வீரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிவிட்டார்கள் என்று 2024 செப்டம்பர் 17 அன்று சொன்னார். 22-ஆம் தேதி ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவரது வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. சுமைதான் காரணம் என்று அன்றிரவே பலர் தீர்ப்பெழுதினார்கள். அது ஒரு கார்னர் கிக்கின்போது எதிரணி வீரரோடு மோதிய தருணத்தில் நேர்ந்தது. ஒரு தனிக் காயத்தை ஆட்டங்களின் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட எந்தத் தரவும் உதவாது; பல அணிகள், பல ஆண்டுகள் என்ற அளவில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியும். அத்தகைய பதிவுகளோ ஒவ்வொரு கிளப்பின் பூட்டிய அறையிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

அவை யாருக்குச் சொந்தம் என்பதும் தீரவில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நலத் தரவு சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது. வீரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோவும் ஃபிஃபாவும் 2022-இல் வீரர்களின் தரவு உரிமைகள் குறித்த சாசனம் ஒன்றை வெளியிட்டன. காலைச் சோர்வு வினாப்பட்டியலில் நேர்மையாக ‘7’ என்று எழுதும் வீரர், அந்த 7 அடுத்த ஒப்பந்தப் பேச்சில் தமக்கு எதிராக வரும் என்று அஞ்சினால் ‘3’ என்று எழுதுவார். அதன்பின் எவ்வளவு நுட்பமான மாதிரியும் பயனற்றது. அந்தப் பதில்களை மருத்துவக் குழு மட்டும் பார்க்கும்படி கிளப்பின் மற்ற பிரிவுகளிலிருந்து பிரித்து வைப்பது இதனால்தான் முக்கியமாகிறது. ஓட்டத் தரவுக்கு அப்படி ஒரு வேலி போடுவது கடினம். பாரிஸைச் சேர்ந்த ஸ்கில்கார்னர் போன்ற நிறுவனங்கள் வெறும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தே வீரர்களின் வேகத்தையும் தூரத்தையும் கணித்து விற்கின்றன. ஒரு வீரரை வாங்க நினைக்கும் கிளப், அவரது உள்சட்டைக் கருவி பக்கமே போகாமல் அவர் கடைசியாக எப்போது மணிக்கு 33 கி.மீ. தொட்டார் என்று மதிப்பிட்டுக்கொள்ள முடிகிறது.